அலை வீசுமா, அடிக்குமா?

மூன்று இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் வெயிலைப் பற்றி வந்த ஒரு கேள்விக்கு, போகிற போக்கில் “வெப்ப அலை வீசும் என்று எழுதுவதில் தப்பில்லை” என்று இரண்டு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். தமிழாசிரியர்கள், கடற்கரை ஊர்க்காரர்கள், ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் என்று ஆளாளுக்குக் கடிதமும் மின்னஞ்சலுமாகப் பிடித்துக்கொண்டார்கள். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்த இதழில் முழுக்க அலைதான்.

கேள்வி: காற்று வீசும், அலை அடிக்கும். ‘ஆதரவு அலை வீசுகிறது’, ‘வெப்ப அலை வீசும்’ என்றெல்லாம் எழுதுகிறீர்களே, பத்திரிகைக்காரர்கள் யாரும் கடலையே பார்த்ததில்லையா?
— தமிழாசிரியர், சிதம்பரம்

பதில்: பார்த்திருக்கிறோம் ஐயா, சம்பள நாளுக்கு மறுநாள் மெரினாவுக்குப் போய் சுண்டல் வாங்கிக்கொண்டு பார்ப்பதுதான் பத்திரிகைக்காரன் கடல். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. ‘வீசு’ என்பதற்கு எறி, சுழற்று என்ற பொருள் பழசு. கல் வீசலாம், வலை வீசலாம், சாமரம் வீசலாம். அந்தப் பொருளில் ‘கடல் அலை வீசியது’ என்றால் சரிதான், அங்கே வீசுவது கடல், வீசப்படுவது அலை. செய்யுளில் திரை, அதாவது அலை, வீசும் கடலெல்லாம் நிறையவே உண்டு. பத்திரிகையில் நடந்தது வேறு. கடலைக் கழற்றிவிட்டு அலையையே எழுவாய் ஆக்கி, காற்று வீசுகிற மாதிரி அதுவும் தானாக வீசுவதாக எழுத ஆரம்பித்துவிட்டோம். ‘அனுதாப அலை வீசியது’ என்ற வாக்கியத்தில் இருப்பது பெயரளவில்தான் அலை, வினையைப் பார்த்தால் காற்று.

ஆனால் வெப்ப அலையில் மட்டும் நான் சொன்னதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் நாம் அதை ‘அனல் காற்று’ என்றுதான் எழுதிக்கொண்டிருந்தோம். அனல் காற்று வீசும், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கிலத்தைப் பார்த்து அனல் காற்று ‘வெப்ப அலை’ ஆனபோது பெயர்ச்சொல்லை மாற்றினோம், வினைச்சொல் பழைய வீட்டைக் காலி செய்யாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. என் கருத்தைக் கேட்டால் ‘அனல் காற்று’ என்ற பழைய பெயரே நன்றாக இருந்தது. ஆனால் வெப்ப அலை இப்போது வெறும் வர்ணனையும் இல்லை. வானிலை ஆய்வுத் துறை அதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது: சமவெளியில் அதிகபட்ச வெப்பம் 40 டிகிரி செல்சியஸையாவது தொட வேண்டும், கடலோரம் என்றால் 37, மலைப்பகுதி என்றால் 30, அதோடு அந்த இடத்துக்கு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும். பொதுவாக அப்போதுதான் வெப்ப அலை. 2024 அக்டோபரில் தமிழக அரசு இதை மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது, வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அதில் இருக்கிறது. ஆகவே ‘கத்திரி வெயில் கொளுத்துகிறது’ என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், ‘வெப்ப அலை’ என்று எழுதும்போது மட்டும் நிருபர் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

அப்புறம், ‘வலை வீசு’ என்று சொன்னதும் நினைவு வருகிறது. ‘தலைமறைவான ஆசாமியைப் போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்.’ இத்தனை வருடத்தில் எந்தக் காவல் நிலையத்திலும் நான் வலையைப் பார்த்ததில்லை.

கேள்வி: ‘அனுதாப அலை’ என்பது உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது நீங்கள் கிளப்பிவிடுவதா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: கொஞ்சம் இருக்கிறது, கொஞ்சம் நாங்கள் கிளப்புவது. எது எவ்வளவு என்று முடிவு வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் தலைப்பு அச்சாகிவிடும்.

1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார், டிசம்பரில் மக்களவைத் தேர்தல். அந்த முறை காங்கிரஸ் 404 இடங்களைப் பிடித்தது. தமிழ்நாட்டில் அப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது, எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார், அங்கிருந்தபடியே ஆண்டிபட்டியில் வேட்பாளர். ஒரே நேரத்தில் இரண்டு அனுதாபம் என்று பேசிக்கொண்டார்கள், அ.தி.மு.க.வும் காங்கிரசும் சேர்ந்து 39 மக்களவைத் தொகுதிகளில் 37-ஐ அள்ளின. அடுத்தது 1991. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். பின்னாலேயே வந்த சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்கள் உள்ள அவையில் தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. துறைமுகமும் எழும்பூரும். இதை அலை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது என்று நீங்கள் கேட்கலாம்.

சொல்லலாம். ஆனால் அந்த 1991-லும் தி.மு.க.வுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேயே ஓட்டு விழுந்திருந்தது. 1984-ல் அத்தனை இடம் பிடித்த காங்கிரஸின் ஓட்டு நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் பாதியைத் தொடவில்லை, அதற்கு ஒரு மயிரிழை கீழேதான். 2014-ல் மோடி அலை என்று எழுதினோம். பா.ஜ.க. தனியாக 282 இடம், ஓட்டு சுமார் 31 சதவீதம். அதே தேர்தலில் அந்த அலை தமிழ்நாட்டின் எல்லையில் வந்து நின்றுகொண்டது. இங்கே ‘மோடியா, லேடியா’ என்று ஜெயலலிதா கேட்டார், 39-ல் 37 அவருக்குப் போனது. நம் தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் யார் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும் அந்தத் தொகுதி முழுதாக அவருக்கு. அதனால் ஓட்டில் ஏற்படுகிற சின்னச் சாய்வு இடங்களில் பெரிய மலையாகத் தெரியும். அலை என்று நாம் சொல்வதில் பாதி அந்தக் கணக்கின் வேலைதான்.

எனக்கு இதில் பிடிக்காத இடம் ஒன்று உண்டு. ஓட்டுப் போட்ட ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும், விலைவாசி, சாதி, தண்ணீர்ப் பிரச்சினை, கூட்டணிக் கணக்கு, வேட்பாளர் மேல் இருக்கும் கடுப்பு. ‘அலை’ என்று ஒரு சொல் போட்டால் நிருபர் ஊர் ஊராகப் போய் அதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை, கடல் ஏன் பொங்கியது என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லையே. இதைவிட வேடிக்கை, தேர்தலுக்கு முந்தின வாரம் ‘இந்த முறை எந்த அலையும் இல்லை’ என்று கட்டுரை எழுதியவரே முடிவு வந்த மறுநாள் ‘கண்ணுக்குத் தெரியாமல் அடித்த அலை’ என்று எழுதுவார். நானும் எழுதியிருக்கிறேன். எந்த வருடம் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அலைபேசி, கைபேசி, செல்பேசி — எது சரி?
— கல்லூரி மாணவி, சேலம்

பதில்: அலையில் பேசுவது, கையில் இருப்பது, அறை அறையாகப் பிரித்த வலைப்பின்னலில் ஓடுவது, மூன்றும் சரி. வீட்டில் அம்மா ‘போனை வை’ என்று கத்தும்போது எதுவானாலும் வைத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் கடற்கரையில் தண்ணீர் உள்ளே வந்தால் ‘ராட்சத அலை’, ‘கடல் சீற்றம்’, ‘கொந்தளிப்பு’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தைகளைப் போடுகிறீர்கள். எங்களுக்கு அது ஒவ்வொன்றும் வேறு வேறு. ‘கள்ளக்கடல்’ என்று நாங்கள் காலம் காலமாகச் சொல்வதை நீங்கள் இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி எழுதுகிறீர்கள்.
— கடலோர ஊர்க்காரர், குமரி மாவட்டம்

பதில்: குத்து சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. வாங்கிக்கொள்கிறேன்.

உள்நாட்டு வாசகர்களுக்காக ஒரு விளக்கம். குமரியிலும் கேரளக் கரையிலும் மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வது நம் பக்கத்துப் புயலால் வருவதில்லை, மழையோடும் வருவதில்லை, உள்ளூர்க் காற்றோடும் சம்பந்தமில்லை. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் எங்கோ ஒரு பெரும்புயல் அடிக்கும். அது கிளப்பிய நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி நான்கைந்து நாள் கழித்து இங்கே வந்து சேரும். வானம் தெளிவாக இருக்கும், காற்று சாதுவாக இருக்கும், கடல் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் ஏறி வீட்டுக்குள் வந்துவிடும், பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில். திருடன் மாதிரி வருவதால் கள்ளக்கடல். இந்தப் பெயரை யுனெஸ்கோ 2012-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஐதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இதற்கென்றே எச்சரிக்கை கொடுக்கிறது. விஞ்ஞானிகள் மீனவரின் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், நாங்கள் மட்டும் செய்தி மேசையில் அதைத் திருத்தி ‘ராட்சத அலை’ ஆக்கிக்கொண்டிருந்தோம்.

2024 மே 6 அன்று உங்கள் மாவட்டத்தில் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். அதற்கு முந்தைய நாட்களிலேயே எச்சரிக்கை வந்திருந்தது. அந்த வாரத்தில்தான் மதுரைக்கு வடக்கே இருக்கிற பல பேர் ‘கள்ளக்கடல்’ என்ற சொல்லை முதன்முதலில் செய்தியில் படித்தார்கள். படித்தவர்களில் சிலருக்கு அது புரியவும் இல்லை, அதற்குக் காரணமும் நாங்கள்தான். பத்திரிகைத் தமிழில் ‘கள்ள’ என்று ஆரம்பித்தால் நோட்டு, சாராயம், காதல், துப்பாக்கி இவைதான் வரும். சட்டத்துக்குப் புறம்பானது என்ற ஒரே பொருளுக்கு அந்தச் சொல்லை நாங்கள் அடித்து இறக்கியிருக்கிறோம். ‘கள்ளக்கடல் எச்சரிக்கை’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு என் உறவினர் ஒருவர், கடத்தல் விவகாரமாக்கும் என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ‘ராட்சத அலை’ என்று போட்டாலும் இன்னொரு வகையில் கோளாறுதான். படிக்கிறவர் மனதில் தூரத்திலிருந்து மலை மாதிரி எழும்பி வரும் ஒன்று நிற்கும், அப்படி எதுவும் கண்ணில் படாததால் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கி நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்.

இனிமேல் உங்கள் ஊர்ச் செய்திகளில் உங்கள் ஊர்ச் சொல்லையே வைக்கச் சொல்லி செய்தி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். சரி என்றார். எவ்வளவு நாள் நினைவில் வைத்திருப்பார் என்று பார்ப்போம்.

கேள்வி: பங்குச் சந்தையில் சுனாமி, வசூலில் சுனாமி, தேர்தலில் சுனாமி. எங்கள் வீட்டில் மூன்று பேரைக் கடல் கொண்டுபோனது. இந்தத் தலைப்புகளைப் பார்க்கும்போது பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். நீங்கள் யாரும் இதை யோசிப்பதே இல்லையா?
— ஒரு வாசகி, நாகை மாவட்டம்

பதில்: அம்மா, யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை.

2004 டிசம்பர் 26 காலை ஆறரை மணிக்கு சுமத்ரா பக்கத்தில் பூமி நடுங்கியது, ஒன்பது மணி வாக்கில் கடல் நம் கரைக்குள் வந்துவிட்டது. உங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல். அன்று காலை கரையில் இருந்தவர்கள் யாரும் சுனாமி என்று சொல்லவில்லை, அந்தச் சொல்லே நம்மிடம் புழக்கத்தில் இல்லை. ‘கடல் உள்ளே வந்துடுச்சு’ என்றுதான் சொன்னார்கள். யோசித்துப் பார்த்தால் அதுதான் இருப்பதிலேயே துல்லியமான வர்ணனையும்கூட, ஏனென்றால் அது நாம் கரையில் பார்க்கிற அலை மாதிரி எழும்பி, மடிந்து, நுரைத்துப் போகிற அலையே இல்லை. நடுக்கடலில் படகில் போகிறவனுக்கு அது தெரியவே தெரியாது, ஒரு மீட்டர்கூட எழும்பாது. கரைக்கு வரும்போது கடல் மொத்தமாக உயர்ந்து நிறுத்தாமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஜப்பானிய மொழியில் ‘சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. நடுக்கடலில் மீன்பிடித்துவிட்டு ஒன்றும் அறியாமல் துறைக்குத் திரும்பி வந்து பார்த்தால் ஊர் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் அப்படிப்பட்ட அனுபவம் இருப்பதாகச் சொல்வார்கள்.

ஒரு மாதத்துக்குள் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைகள்கூட அந்தச் சொல்லைச் சொன்னார்கள். அதற்கு அப்புறம் அது எங்கள் கையில் வந்தது. பத்திரிகையில் ஒரு சொல்லுக்கு வயது ஏற ஏற அதன் எடை குறையும். ‘அதிரடி’, ‘பரபரப்பு’, ‘பூகம்பம்’ எல்லாம் அப்படித்தான் தேய்ந்து போயின. பூகம்பம் ஒரு கட்சியின் பொதுக்குழுவில் வெடிக்கிற அளவுக்கு வந்த பிறகு, அதற்கு மேலே ஒரு சொல் தேவைப்பட்டது, சுனாமி கிடைத்தது. இப்படிச் சொல்வதால் நியாயமாகிவிடாது, எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் உதவி ஆசிரியராக இருந்தேன். மாநாடு ஒன்று முடிந்து படம் வந்திருந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் தலைகள். ‘அலைகடலெனத் திரண்ட தொண்டர்கள்’ என்று தலைப்புப் போட்டேன், அப்படித்தான் எல்லாரும் போடுவார்கள், கட்சிக்காரர்களின் சுவரொட்டியிலேயே ‘அலைகடலெனத் திரண்டு வாரீர்’ என்றுதான் இருக்கும். பக்கம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கடைசியில் ஒரு ஒற்றைப் பத்தி இடம் காலியாக இருந்தது, அதில் குளிக்கப் போன இரண்டு பையன்களை அலை இழுத்துப் போன செய்தியை வைத்தேன். படத்துக்கு நேர் கீழே. பன்னிரண்டு மணிக்கு பக்கம் அச்சுக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். திட்டவில்லை. “மேலேயும் அலை, கீழேயும் அலையா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவர் அந்தப் பையன்களுக்கு என்ன உறவு என்று நான் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவும் இல்லை.

அதிலிருந்து நான் எனக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். உவமையே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான், உவமை இல்லாமல் தமிழில் வாயைத் திறக்க முடியாது. ஆனால் பக்கத்தில் நிஜ அலை இருக்கிற நாளில் உவமை அலையை எடுத்துவிடுவேன். தீ விபத்துச் செய்தி இருக்கிற பக்கத்தில் ‘விலை தீயாய் எரிகிறது’ கிடையாது. வெள்ளம் வந்த வாரத்தில் ‘வாழ்த்து மழை’, ‘அன்பு வெள்ளம்’ கிடையாது. சுனாமியை மட்டும் எந்த நாளிலும் உவமைக்கு எடுப்பதில்லை, இந்தக் கரையில் அது இன்னும் ஊமைக்காயம். நான் போட்ட பக்கங்களுக்கு மட்டும்தான் என்னால் வாக்குக் கொடுக்க முடியும்.

கேள்வி: எங்கட பக்கம் ‘ஆழிப்பேரலை’ எண்டுதான் எழுதுவினம். நீங்கள் ஏன் அந்த அழகான தமிழை விட்டுவிட்டு ஜப்பான் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: அழகான சொல்தான், இங்கேயும் சில இதழ்கள் எழுதுகின்றன. உங்கள் தீவில் முப்பதாயிரம் பேருக்கு மேல் பலியான நிகழ்வு. டிசம்பர் 26 தோறும் நடக்கிற நினைவேந்தல்களில் இந்தச் சொல்லே நிலைத்துவிட்டதால் அதற்கு ஒரு கனம் கிடைத்திருக்கிறது, ‘பங்குச் சந்தையில் ஆழிப்பேரலை’ என்று யாருக்கும் எழுத வராது. அந்த வகையில் உங்களுக்கு லாபம்.

ஆனால் அலை என்ற சொல் உங்கள் பத்திரிகைகளில் வேறொரு சுமையையும் சுமந்தது. 1996-ல் முல்லைத்தீவு முகாம் மீது விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலுக்கு ‘ஓயாத அலைகள்’ என்று பெயர் வைத்தார்கள், பிறகு 1998-ல் கிளிநொச்சியில் இரண்டு, 1999-ல் தொடங்கியதற்கு மூன்று. உவமையாகப் பிறந்த ஒன்று எண் போட்ட பெயர்ச்சொல் ஆகிவிட்டது. அந்தக் காலத்துச் செய்திகளைப் புரட்டினால் ‘அலைகள்’ என்பது கடலையும் குறிக்காது, உணர்ச்சியையும் குறிக்காது, ஒரு படை நடவடிக்கையையே குறிக்கும். கடற்கரையில் வளர்ந்த ஒரு பிள்ளை அந்த வருடங்களில் அலை என்று கேட்டால் எதை நினைத்திருக்கும் என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

கேள்வி: கொரோனாவுக்கு முதல் அலை, இரண்டாம் அலை என்று யார் எண்ணினார்கள்?
— மருந்துக்கடைக்காரர், ஈரோடு

பதில்: வரைபடம்தான் எண்ணியது. தினசரித் தொற்று எண்ணிக்கையைக் கோடாகப் போட்டால் ஏறி இறங்கும், பார்க்க அலை மாதிரி இருக்கும். எவ்வளவு இறங்கினால் ஒன்று முடிந்தது, எவ்வளவு ஏறினால் அடுத்தது ஆரம்பம் என்று கறாரான இலக்கணம் எதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் 2020 ஜூலைக் கடைசியில் ஒரு நாளைக்கு 7,000-ஐ நெருங்கியது, அதுதான் முதல் உச்சம். 2021 மே மூன்றாவது வாரத்தில் 36,000-ஐத் தாண்டியது. இந்த வித்தியாசத்தைப் பார்த்தால் முதல் அலையை அலை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

என் கண்ணில் நிற்பது அந்த 2021 ஏப்ரல் முதல் வாரத்துப் பேப்பர்கள். ஏப்ரல் 6 இங்கே வாக்குப்பதிவு. அதற்கு முந்தின நாள்தான் நாடு முழுக்க ஒரு நாள் தொற்று முதன்முறையாக ஒரு லட்சத்தைத் தாண்டியதாக அறிவித்தார்கள். அப்போதுதான் ஓய்ந்திருந்த பிரச்சாரத்தில் எல்லாக் கட்சிக்கும் எங்கள் கையில் இருந்த வாக்கியம் ஒன்றுதான்: ‘மக்கள் கூட்டம் அலைமோதியது’. பக்கத்துப் பத்தியில் ‘இரண்டாம் அலை’. ஒரே சொல்லின் இரண்டு முகம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது, கூட்டத்தின் அலைக்கும் தொற்றின் அலைக்கும் உள்ள உறவை எந்தத் தலைப்பும் சொல்லவில்லை. கடல் அலை யாரையும் கேட்டு வருவதில்லை. நோய் அப்படி இல்லை, கூட்டம் கூட்டியவர் இருக்கிறார், கூடியவர் இருக்கிறார், படுக்கையும் ஆக்சிஜனும் தயார் செய்ய வேண்டியவர் இருக்கிறார். ‘அலை வந்தது’ என்று எழுதினால் அத்தனை பேரும் வாக்கியத்திலிருந்து எழுந்து போய்விடுகிறார்கள்.

கேள்வி: பட்டா மாறுதலுக்காக பதினோரு தடவை நடந்திருக்கிறேன். ‘பொதுமக்கள் அலைக்கழிப்பு’ என்று நீங்கள் எழுதுவதற்கும் கடல் அலைக்கும் சம்பந்தம் உண்டா?
— ஒரு விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உண்டு, உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கும், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு தூக்கி எறிவது அலை வேலைதானே. அலைதல், அலைச்சல், அலைக்கழித்தல் எல்லாம் ஒரே குடும்பம். கடல் இல்லாத ஊரில் இருக்கிறவர்கள் அலையைத் தெரிந்துகொள்வது அரசு அலுவலகத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கைக்குச் சொன்னாலும் இதில் ஒரு பழைய விஷயம் இருக்கிறது. கொடுங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறளில் வள்ளுவர் ‘அலைமேற்கொண்டு அல்லவை செய்தொழுகும் வேந்து’ கொலைகாரரைவிடக் கொடியது என்கிறார். அங்கே அலை என்றால் கடல் அலை இல்லை, குடிமக்களை வருத்துவது, அலைப்பது. ஆட்சியில் இருக்கிறவன் மக்களை அலைய விடுவதை அவர் கொலைக்கு மேலே வைத்திருக்கிறார். உங்கள் பன்னிரண்டாவது நடையில் இந்தக் குறளை எழுதி எடுத்துக்கொண்டு போகலாம், ஆனால் மனுவோடு சேர்த்துப் பின் அடித்துவிடாதீர்கள், ‘கூடுதல் ஆவணம்’ என்று பதின்மூன்றாவது தடவை வரச் சொல்வார்கள்.

கேள்வி: அலைகற்றையா, அலைக்கற்றையா?
— போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை

பதில்: ‘க்’ உண்டு. அலைகளின் கற்றை, கதிர்க்கற்றை மாதிரி. பள்ளி இயற்பியல் புத்தகத்தில் ஸ்பெக்ட்ரம் என்பது ‘நிறமாலை’யாக இருந்தது, வானவில் மாதிரி அழகான சொல். 2ஜி விவகாரம் வந்ததும் ஏலம் போகிற பொருளுக்கு நிறமாலை பொருந்தவில்லை, அலைக்கற்றை வந்து உட்கார்ந்தது. அந்த விவகாரத்தில் எனக்கு நெருடலாக இருந்தது ஒற்றெழுத்து இல்லை, இன்னொன்று. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-ல் சொன்னது 1.76 லட்சம் கோடி ரூபாய் ‘உத்தேச இழப்பு’, வேறு வேறு கணக்குமுறையில் அதைவிடக் குறைந்த தொகைகளும் அதே அறிக்கையில் இருந்தன. பத்திரிகையில் அது ‘1.76 லட்சம் கோடி ஊழல்’ ஆனது. 2017 டிசம்பர் 21-ல் தனி நீதிமன்றம் எல்லாரையும் விடுதலை செய்தது, அதன் மேல் மேல்முறையீடும் போனது. வழக்கின் நியாயம் எந்தப் பக்கம் என்பது இங்கே பேச்சில்லை. ‘உத்தேச’ என்ற ஒரு சொல் தலைப்பில் இடம் இல்லை என்று கீழே விழுந்தது, அதைத்தான் சொல்கிறேன். தேர்வில் ‘அலைக்கற்றை’ என்று எழுதுங்கள்.

கேள்வி: ‘திரை’ என்றாலும் அலைதானே, அது ஏன் பத்திரிகையில் வருவதே இல்லை?
— ஓய்வுபெற்ற பிழைதிருத்துநர், சென்னை

பதில்: உங்களுக்குத் தெரியாததா அண்ணே. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்று ஔவையார் சொன்னதோடு சரி. வெள்ளித்திரை, சின்னத்திரை, திரைப்பட விழா என்று அதை சினிமாக்காரர்கள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். ‘திரையில் சிக்கிய மீனவர்’ என்று தலைப்புப் போட்டால் படம் எந்தத் தியேட்டரில் என்று கேட்பார்கள்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் பத்திரிகையிலேயே சென்ற இதழில் ‘தி.நகரில் கூட்டம் அலைமோதியது’ என்று வந்ததே? அதே பக்கத்தில் வெப்ப அலையும் ‘வீசியது’.
— ஒரு வாசகி, கோவை

பதில்: பார்த்தேன். எழுதியவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, “சரி சார், அலைமோதலை எடுத்துடறேன், அன்னைக்கு ரங்கநாதன் தெருவுல நீங்க நின்னிருந்தா வேற என்ன எழுதுவீங்க, சொல்லுங்க, போடறேன்” என்றார். இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் ஒரு அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.